மூன்று முறை முகவரி கேட்கும் சிஸ்டம்

(மதுரை கோரிப்பாளையத்தில், கல்லூரிக் கணினி ஆய்வக உதவியாளர்களிடமும் மாணவர்களிடமும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி திறக்கப் போகிற நேரம். லேப் வைத்திருக்கிற எல்லாருக்கும் இப்போது ஒரே கவலை, அத்தனை சிஸ்டத்துக்கும் ஓஎஸ் போட்டாக வேண்டும். பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகக் குனிந்து நிமிர்கிறவர்கள் ஒரு பக்கம். சர்வர் ஒன்றை வைத்து, நெட்வொர்க் வழியாக எல்லாவற்றுக்கும் ஒரே வீச்சில் லினக்ஸ் ஏற்ற முயன்று, ஏழெட்டு சிஸ்டம் மட்டும் அடம்பிடித்து நிற்க, தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். நான் பேச வந்தது இந்த இரண்டாம் பக்கத்தாரிடம். முதல் பக்கத்தாரும் சீக்கிரம் இங்கேதான் வந்து சேர்வார்கள். முதுகுவலி கொண்டுவந்து சேர்க்கும்.

நம் மாநிலத்தில் லினக்ஸ் நாலு ஆர்வலர்களின் பொழுதுபோக்காக இருந்த காலம் போய் வெகுநாள் ஆகிறது. எல்காட் நிறுவனத்துக்கு உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்த அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் அதுவே ஏறியது. அதே 2007இல் சென்னை சி-டாக், டெபியனை அடித்தளமாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸும் இருந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத பிள்ளைகளே அதிகம் என்பது வேறு கதை. சொல்ல வருவது இதுதான்: எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்ட பிறகு, திரையில் வருகிற கேள்விக்கெல்லாம் ஆள் உட்கார்ந்து பதில் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிவைக்கும் முறை வந்தது. சூசேயில் அதற்கு ஆட்டோயாஸ்ட் என்று பெயர், ரெட் ஹாட்டில் கிக்ஸ்டார்ட், டெபியனில் பிரீசீட். ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் லாங்கே இதே வேலைக்காக 1999இல் தொடங்கிய ஃபாய் என்ற திட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உபுண்டு சர்வர் 20.04இல் தன் இன்ஸ்டாலரையே மாற்றி ஆட்டோஇன்ஸ்டால் என்ற புது வழிக்குப் போனது. பழைய பிரீசீட் கோப்பைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் பாடு அன்றோடு திண்டாட்டமானது.

இனி விஷயம்.

கோரிப்பாளையத்தில் உட்கார்ந்து பேசுகிறோம், இந்த இடமே உதாரணத்துக்குப் போதும். பெரியாரில் பஸ் ஏறி, ஏ.வி. பாலம் தாண்டி, இங்கே இறங்கி அழகர்கோவில் பஸ்ஸுக்கு மாறுகிறவர், முதல் பஸ்ஸில் வாங்கிய டிக்கெட்டை இரண்டாவது பஸ் கண்டக்டரிடம் நீட்ட முடியாது. மறுபடி எடுக்க வேண்டும். மகளிருக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டணமில்லாச் சீட்டைக்கூட ஒவ்வொரு பஸ்ஸிலும் புதிதாகத்தான் தருகிறார்கள். நெட்வொர்க் இன்ஸ்டாலேஷனும் இப்படித்தான், மூன்று பஸ். முதலில் ஓடுவது நெட்வொர்க் கார்டின் ரோமில் இருக்கும் பிஎக்ஸ்இ நிரல். அது கெர்னலையும் இனிட்ஆர்டியையும் இறக்கிவிட்டுச் செத்துப் போகிறது. இரண்டாவது, இன்ஸ்டாலர். அது வேலையை முடித்து ரீபூட் ஆனதும் அதுவும் போய்விடுகிறது. மூன்றாவது, டிஸ்கில் ஏறிய புதிய லினக்ஸ். மூவருக்கும் டிரைவர் தனி, டிஎச்சிபி கேட்கும் முறை தனி, பொறுமையின் அளவும் தனி. முன்னால் ஓடியவர் வாங்கிய ஐபி பின்னால் வருகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. மறுபடி முதலிலிருந்து கேட்கிறார்.

லேபில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "ஐபி வந்துருச்சு சார், அப்ப நெட்வொர்க் ஓகே, வேற எங்கயோ பிரச்சனை" என்பதுதான். யாருக்கு வந்தது ஐபி? ரோமுக்கு வந்தது. இப்போது திரையில் அழுதுகொண்டிருப்பது இன்ஸ்டாலர். அவர் வேறு ஆள். ஆகவே கோளாறு என்று யாராவது கூப்பிட்டால் முதல் கேள்வி, "கடைசியாகப் பேசியது யார்?" என்பதாக இருக்கட்டும். பாதித் தேடல் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் ஆளிடம் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, அவர் வெளிப்படையானவர். இன்டெல் 1999இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 வரையறைதான் இன்றுவரை அடிப்படை. பிழை எண்களும் பெரும்பாலும் அந்தக் காலத்தவையே. இ61 என்றால் கேபிளைப் பாருங்கள். இ51 என்றால் டிஎச்சிபி ஆஃபர் எதுவும் வரவில்லை. இ53 வந்தால் முகவரி கிடைத்தது, ஆனால் எந்தக் கோப்பை இறக்குவது என்று யாரும் சொல்லவில்லை. இ32 என்றால் கோப்பின் பெயர் தெரிந்தது, டிஎஃப்டிபி சர்வர் பதில் தரவில்லை. எண் ஏறி இறங்குவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடாதீர்கள். இ32 வருகிறவர் இ53 வருகிறவரைவிட ஒரு படி முன்னால் போயிருக்கிறார். லேபில் பாதி சிஸ்டம் பழைய பயாஸ், பாதி யூஇஎஃப்ஐ என்றால் இரண்டுக்கும் ஒரே துவக்கக் கோப்பைக் காட்டக் கூடாது. சிஸ்டம் டிஎச்சிபி கேட்கும்போதே 93ஆம் விருப்பத்தில் தன் வகையைச் சொல்லிவிடுகிறது. சர்வர்தான் அதைக் காதில் வாங்க வேண்டும்.

டிஎஃப்டிபி என்ற மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. எனக்கு அவர்மேல் ஒரு பிரியம். 1981இல் வந்த வரையறை, 1992இல் திருத்தினார்கள். கடவுச்சொல் கிடையாது, கோப்புப் பட்டியல் கிடையாது. 512 பைட் அனுப்புவார், "வந்தது" என்று பதில் வரும்வரை காத்திருப்பார், அடுத்த 512 அனுப்புவார். ரோமில் அடங்குகிற அளவு சின்ன நிரல் வேண்டும் என்பதற்காக இப்படிக் கட்டினார்கள். இப்போதைய இனிட்ஆர்டி ஒன்று 40 எம்பி இருந்தால், இந்த முறையில் எண்பதாயிரத்துக்கு மேல் துண்டுகள். ஆனால் துண்டுக்கு எண் போட அவரிடம் இருப்பது 16 பிட் மட்டும். 65,535க்கு மேல் எண்ணத் தெரியாது. அதாவது 32 எம்பி அளவில் சில பழைய ரோம்கள் அப்படியே நின்றுவிடும். சின்னக் கோப்புகள் எல்லாம் ஒழுங்காக இறங்கி, இனிட்ஆர்டி மட்டும் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் கேபிளை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். துண்டின் அளவைப் பெரிதாக்கும் விருப்பம் 1998லேயே வந்துவிட்டது, அதைப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, ஐபிஎக்ஸ்இ என்ற சிறு நிரலை மட்டும் டிஎஃப்டிபியில் இறக்கி, மீதியை எச்டிடிபியில் வாங்குவது. ஆனால் ஐபிஎக்ஸ்இயும் எழுந்தவுடன் டிஎச்சிபி கேட்கும். அதற்கும் ஐபிஎக்ஸ்இ கோப்பையே சர்வர் காட்டினால் விடிய விடியத் தன்னைத்தானே இறக்கிக்கொண்டிருக்கும். கேட்பது ரோமா, ஐபிஎக்ஸ்இயா என்று பார்த்துப் பதில் சொல்லச் சர்வரில் ஒரு நிபந்தனை எழுத வேண்டும்.

டிஎஃப்டிபியின் பழைய வரையறையில் ஒரு பிரபலமான ஓட்டையும் இருந்தது. ஒரு துண்டு தொலையவில்லை, தாமதமாகப் போகிறது என்று வையுங்கள். அனுப்பியவர் பொறுமை இழந்து அதையே மறுபடி அனுப்புவார். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு "வந்தது" வரும். இரண்டுக்கும் தனித்தனியாக அடுத்த துண்டை அனுப்புவார். அன்றிலிருந்து கோப்பு முடியும்வரை எல்லாமே இரட்டை. கெத்தேயின் கவிதையில், தண்ணீர் சுமக்கத் துடைப்பத்துக்கு மந்திரம் போட்டுவிட்டு நிறுத்தத் தெரியாமல் தவிக்கும் மந்திரவாதியின் சீடன் பெயரையே அந்தப் பிழைக்கு வைத்தார்கள். திருத்தி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. உங்கள் லேபில் இதைப் பார்க்கப் போவதில்லை. கதைக்காகச் சொன்னேன்.

பார்க்கப் போவது ஃபயர்வால் சிக்கலை. கோரிக்கை 69ஆம் போர்ட்டுக்குப் போகும். பதிலோ சர்வர் புதிதாகத் திறக்கும் வேறொரு போர்ட்டிலிருந்து வரும். 69ஐ மட்டும் திறந்துவிட்டு, நடுவில் இன்னொரு ஃபயர்வாலும் இருந்தால், சர்வர் லாகில் "கோப்பு கேட்டார்கள்" என்று இருக்கும், சிஸ்டத்தில் டைம்அவுட் என்று இருக்கும். ரெட் ஹாட் குடும்பத்துச் சர்வரில் இன்னொன்று: வேறு அடைவிலிருந்து நகர்த்திய கோப்புக்கு எஸ்இலினக்ஸ் முத்திரை பழையதாகவே இருக்கும். அனுமதி எல்லாம் சரியாகத் தெரியும், டிஎஃப்டிபி மட்டும் படிக்க மறுக்கும்.

ரோம் இறக்கும் துவக்க நிரலான பிஎக்ஸ்இ லினக்ஸ் தன் அமைப்புக் கோப்பைத் தேடும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் சிஸ்டத்தின் தனி அடையாள எண், அப்புறம் மேக் முகவரி, அப்புறம் ஐபியைப் பதினாறடிமான எண்ணாக்கி ஒவ்வொரு எழுத்தாகக் கடைசியிலிருந்து வெட்டிக்கொண்டு வருவது, ஒன்றும் இல்லாவிட்டால் டீஃபால்ட். 192.168.10.25 என்றால் சி0ஏ80ஏ19 என்று கேட்கும், பிறகு கடைசி 9ஐ விட்டுவிட்டுக் கேட்கும். இந்த வரிசை முழுவதும் சர்வர் லாகில் வரிவரியாக விழும். "கோப்பு இல்லை, கோப்பு இல்லை" என்று ஓடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது இயல்பு. எந்தப் பெயரில் தேடுகிறது, நாம் எந்தப் பெயரில் வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். மேக் முகவரிக்கு முன்னால் 01 வர வேண்டும், எழுத்துகள் சின்ன எழுத்தாக இருக்க வேண்டும், நடுவில் சிறுகோடு வர வேண்டும். முக்காற்புள்ளி போட்டு வைத்தால் கிடைக்காது. சிஸ்டம் டீஃபால்ட் மெனுவில் போய் உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது ஆளுக்கு வருவோம். சரக்கு அதிகம் இவரிடம்தான்.

கெர்னல் வந்து நெட்வொர்க் கார்டைக் கையில் எடுத்ததும் இணைப்பு ஒரு முறை அறுந்து ஒட்டும். உங்கள் ஸ்விட்ச் விவரமான ஸ்விட்சாக இருந்து, ஸ்பேனிங் ட்ரீ ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் போர்ட் மறுபடி கேட்பதற்கு 15 நொடி, கற்பதற்கு 15 நொடி என்று அரை நிமிடம் ஊமையாக இருக்கும். ரோம் பொறுமைசாலி, 4, 8, 16, 32 நொடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே கேட்கும், அரை நிமிடத்தைத் தாண்டிவிடும். டெபியன் இன்ஸ்டாலரோ இணைப்பு வந்ததா என்று பார்க்க இயல்பாகக் காத்திருப்பது 3 நொடிதான். "கார்டே இல்லை", "டிஎச்சிபி தோல்வி" என்கிறார். அரை நிமிடம் கழித்து ரீட்ரை அழுத்தினால் சமர்த்தாக வேலை செய்கிறார். ரீட்ரை அழுத்தினால் ஓடுகிறது என்றால் காத்திருப்புச் சிக்கல் என்று உடனே பிடித்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் செருகியிருக்கும் போர்ட்களில் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீர்ந்தது. ஸ்விட்ச் சாவி உங்கள் கையில் இல்லையென்றால் கெர்னல் வரியில் காத்திருப்பு நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு சம்பவம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். லேபில் ஒவ்வொரு முறையும் சில சிஸ்டம் தோற்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சிஸ்டம். துவக்கம் எல்லாவற்றிலும் சரியாக நடக்கும், இன்ஸ்டாலர் நீலத் திரையும் வரும், அப்புறம் பிரீசீட் கோப்பை எடுக்க முடியவில்லை என்று நிற்கும். ராம் மாற்றிப் பார்த்திருந்தார்கள், ஸ்விட்ச் மாற்றிப் பார்த்திருந்தார்கள். நின்றுபோன சிஸ்டத்தில் ஆல்ட் எஃப்2 அழுத்தி ஐபியைப் பார்த்தால், சர்வர் தருகிற 10இல் தொடங்கும் முகவரியாக இல்லாமல் 192.168.0இல் ஒன்று உட்கார்ந்திருந்தது. சர்வரில் டிசிபிடம்ப் போட்டு 67, 68 போர்ட்டைக் கவனித்தால், ஒரு கேள்விக்கு இரண்டு ஆஃபர். மாடியில் ஓர் அறையில், வைஃபைக்காக வீட்டு ரூட்டர் ஒன்றை லேப் நெட்வொர்க்கில் செருகி வைத்திருந்தார்கள். அதுவும் தன் பங்குக்கு டிஎச்சிபி சேவை செய்துகொண்டிருந்தது. ரோம் இதில் ஏமாறவில்லை. துவக்கக் கோப்பின் பெயர் சொல்லும் ஆஃபராகப் பார்த்து எடுத்துக்கொண்டது. இன்ஸ்டாலருக்கு அந்தப் பெயர் தேவையில்லை, முந்தி வந்தது எதுவோ அதுவே போதும். ரூட்டர் முந்திய சிஸ்டமெல்லாம் தோற்றது.

அதனால்தான் சிஸ்டத்தின் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறேன். திரை முடிவை மட்டும் சொல்லும். நடந்த உரையாடல் சர்வர் பக்கத்தில் இருக்கிறது. டிஎச்சிபி லாக், டிஎஃப்டிபி லாக், எச்டிடிபி அணுகல் லாக் மூன்றையும் ஒரே திரையில் ஓடவிட்டு அப்புறம் ஒரு சிஸ்டத்தை ஆன் செய்யுங்கள். எந்த லாகில் கடைசி வரி விழுந்ததோ அதற்கு அடுத்த படியில் கோளாறு. இன்ஸ்டாலர் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால், டெபியனில் ஆல்ட் எஃப்4 அழுத்தினால் லாக் ஓடும். ரெட் ஹாட்டின் இன்ஸ்டாலரான அனகோண்டாவில் டெம்ப் அடைவில் கிடக்கும்.

பதில் கோப்புக்குள் இருக்கும் குழிகளைக் கடகடவென்று சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் நோட்பேடில் திருத்திய கோப்பில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டியிருக்கும். வேர்டிலிருந்து ஒட்டினால் மேற்கோள் குறி வளைந்துவிடும். பிரீசீடில் வகைக்கும் மதிப்புக்கும் நடுவே ஒரே ஒரு இடைவெளிதான். அழகுக்காக இரண்டு விட்டால் இரண்டாவது இடைவெளி மதிப்பின் பகுதியாகிவிடும். உபுண்டு ஆட்டோஇன்ஸ்டாலில் முதல் வரியில் கிளவுட்-கான்ஃபிக் குறிப்பு இல்லாவிட்டால் மொத்தக் கோப்பையும் கண்டுகொள்ளாது. பக்கத்தில் மெட்டா-டேட்டா என்ற கோப்பு காலியாகவாவது இருந்தாக வேண்டும். கிரப் வரியில் வரும் அரைப்புள்ளியை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் கிரப் அந்த இடத்தில் வரியை வெட்டிவிடும். ராம் குறைந்த பழைய சிஸ்டமென்றால் இன்னொரு வம்பு. உபுண்டுவின் இந்த முறையில் ஐஎஸ்ஓ முழுவதும் ராமில்தான் இறங்கும், அதுவே இரண்டு ஜிபிக்கு மேல் வரும். "இடம் இல்லை" என்ற செய்தியைப் பார்த்து டிஸ்கைச் சந்தேகிப்பார்கள். பாவம், டிஸ்கை அது இன்னும் தொடவே இல்லை.

டெபியனில் ஆண்டுக்குச் சில முறை வரும் கோளாறு ஒன்று: போன மாதம் வரை ஓடியது, நாம் எதையும் மாற்றவில்லை, இன்று "கெர்னல் மாட்யூல்கள் காணவில்லை" என்கிறது. நாம் மாற்றவில்லை, இன்ஸ்டாலர் தொகுப்புகளை இறக்கும் மிரர் மாறிவிட்டது. சர்வரில் நாம் வைத்திருக்கும் நெட்பூட் கெர்னல் பழைய பதிப்பு; மிரரிலிருந்து வரும் மாட்யூல்கள் புதுக் கெர்னலுக்கு உரியவை. நெட்பூட் கோப்புகளைப் புதுப்பித்தால் சரியாகும். கார்டுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் இல்லாமல் நிற்கும் பழைய தொல்லை, 2023இல் டெபியன் 12 அவற்றை இன்ஸ்டாலரிலேயே சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் நெட்பூட் தொகுப்பில் அவை தாமாக வருவதில்லை, நாம்தான் இனிட்ஆர்டியோடு சேர்க்க வேண்டும்.

நம் ஊர் லேபுகளுக்கே உரிய ஒன்று, மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் மெயின் ஸ்விட்சை அணைத்துவைத்திருந்தால், தீர்ந்துபோன பேட்டரி கடிகாரத்தைப் பல ஆண்டுகள் பின்னால் தள்ளிவிடும். மிரரின் கோப்பு "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்பார் இன்ஸ்டாலர். எச்டிடிபிஎஸ் சான்றிதழையும் ஏற்க மாட்டார். நெட்வொர்க் கோளாறு மாதிரியே தெரியும். ஷெல்லில் தேதியைப் பாருங்கள்.

மூன்றாவது ஆள், ஏறி முடிந்த லினக்ஸ். இவரிடம் ஒரே ஒரு குழப்பம், ஆனால் பெரிய குழப்பம். டிஎச்சிபி சர்வரில் மேக் வாரியாக ஐபி ஒதுக்கியிருப்பீர்கள், இன்ஸ்டாலேஷன் முழுவதும் 25ஆம் முகவரியில் நடந்திருக்கும். ரீபூட் ஆனதும் அந்த சிஸ்டம் வேறு முகவரியில் எழுந்திருக்கும். உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி, மேக் முகவரியைச் சொல்லாமல், தன் மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய வேறோர் அடையாளத்தைச் சொல்லிக் கேட்கிறது. பல டிஎச்சிபி சர்வர்களுக்கு அது புது ஆள். நெட்பிளானில் அடையாளமாக மேக்கையே சொல்லும்படி ஒரு வரி எழுதினால் போதும். இதே காரணத்தால், ஒரு சிஸ்டத்தைத் தயார்செய்து குளோன்சில்லாவில் மற்றவற்றுக்குப் படியெடுக்கிறவர்கள் எதிர்மாறான சிக்கலில் மாட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின்-ஐடி. டிஎச்சிபி சர்வர் ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியைக் கொடுக்கும். படியெடுப்பதற்கு முன்னால் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிட வேண்டும்.

கடைசியாக, பயப்பட வேண்டிய விஷயம். பயாஸில் நெட்வொர்க் முதல் என்று வைத்து, டீஃபால்ட் மெனுவில் இன்ஸ்டால் என்று வைத்திருந்தால், ஏறி முடிந்த சிஸ்டம் ரீபூட் ஆனதும் மறுபடி ஏறத் தொடங்கும். காலையில் வந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அது வேடிக்கை. வேடிக்கை இல்லாததும் நடந்திருக்கிறது. 2014 மே மாதம் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில், விண்டோஸ் 7 ஏற்றும் கட்டளை ஒன்று தவறுதலாக வளாகத்தின் எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய்விட்டது. கண்டுபிடித்து நிறுத்துவதற்குள், கட்டளையை அனுப்பிய சர்வரும் தன்னைத்தானே ஃபார்மட் அடித்துக்கொண்டது. விண்டோஸ் ஆனால் என்ன, லினக்ஸ் ஆனால் என்ன, "டிஸ்கை அழிக்கட்டுமா" என்ற கேள்விக்கு ஆமாம் என்ற பதிலை நாம்தான் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம்.

ஆகவே டீஃபால்ட் எப்போதும் "உள் டிஸ்கிலிருந்து துவங்கு" என்றே இருக்கட்டும். இன்ஸ்டால் ஆக வேண்டிய சிஸ்டத்துக்கு மட்டும் அதன் மேக் பெயரில் கோப்பு வையுங்கள். முடிந்ததும் அந்தக் கோப்பு தானாக நீங்கும்படி பதில் கோப்பின் இறுதியில் ஒரு வரி எழுதுங்கள். காப்ளர் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு முறை மட்டும் என்ற அமைப்பு அதிலேயே இருக்கிறது. லேப் நெட்வொர்க்கும் அலுவலக நெட்வொர்க்கும் ஒரே கம்பியில் இருக்கிற கல்லூரிகளில், ஃபீஸ் கவுண்டர் சிஸ்டம் நெட்வொர்க்கிலிருந்து துவங்கும்படி இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். செமஸ்டர் பிராக்டிகல் நடக்கிற வாரத்தில் துவக்கச் சேவையை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

பின் வரிசையில் ஒரு தங்கை ரொம்ப நேரமாகக் கை தூக்கியிருக்கிறார். கேளும்மா.